பத்து அம்பும் கறுப்பு ஆடும்

2023 டிசம்பரில் கிர்கிஸ்தான் தன் தேசியக் கொடியைத் திருத்தியது. சிவப்புத் துணி, நடுவில் மஞ்சள் சூரியன், அதே கொடிதான். சூரியனின் கதிர்கள் அதுவரை நெளிநெளியாக இருந்தன. பார்த்தால் சூரியகாந்திப் பூ மாதிரி இருக்கிறது, வெயில் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்புகிற பூ ஒரு நாட்டுக்கு எதற்கு என்று பேச்சு கிளம்பி, கடைசியில் கதிர்களை நேராக்கிவிட்டார்கள். நெளிவைத்தான் எடுத்தார்கள், எண்ணிக்கையில் யாரும் கை வைக்கவில்லை. 1992இல் கொடி ஏறியபோதும் 40 கதிர், இப்போதும் 40.

தலைநகர் பிஷ்கேக்கில் மருத்துவம் படித்த காலத்தில் நான் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாவை அபா என்று கூப்பிடுவேன். அபா என்றால் அம்மா. வயதான பெண்களை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னை அவர் கிசிம் என்பார், என் மகளே என்று. இன்றும் வாட்ஸாப்பில் தொடர்பு உண்டு. கொடி விஷயம் செய்தியில் வந்ததும் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். குரல் பதிவு வந்தது: "கோணலா இருந்தா என்ன, நேரா இருந்தா என்ன கிசிம்? நாற்பது இருக்கான்னு எண்ணிப் பார்த்தேன். இருக்கு."

அந்த நாற்பது, நாற்பது குலங்கள். மானஸ் என்ற மாவீரன் சிதறிக் கிடந்த நாற்பது குலங்களைச் சேர்த்து ஒரு மக்களாக்கினான் என்பது அவர்கள் வாய்மொழிக் காவியத்தின் அடிப்படை. அவனுக்குத் தோழர்களும் நாற்பது பேர். நாட்டின் பெயரிலேயே அந்த எண் இருக்கிறது: கிர்க் என்றால் நாற்பது, கடைசியில் வரும் ஸ் பழைய பன்மை விகுதி என்று ஒரு விளக்கம். ஊர்க்கதை வேறு. கிர்க் கிஸ், நாற்பது பெண்கள், அவர்கள் வழிவந்தவர்கள் நாங்கள் என்பார்கள். அபாவுக்கு இந்தக் கதைதான் பிடிக்கும். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

ஆனால் அந்த நாற்பது குலங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதச் சொன்னால் சிக்கல் ஆரம்பமாகும். வலச்சிறகு, இடச்சிறகு, இச்கிலிக் என்று மூன்று பெரும்பிரிவு. அதற்குள் குலங்கள், குலத்துக்குள் கிளைகள். குலத்தை எண்ணுவதா கிளையை எண்ணுவதா என்பதைப் பொறுத்துக் கூட்டுத்தொகை மாறும். யாருக்கும் அதில் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

மருத்துவப் புத்தகங்களுக்கு நடுவே இந்தப் பெயர்களைப் பற்றி வாசிக்கும் கிறுக்கு எனக்கு அங்கேதான் பிடித்தது. துருக்கியர் என்று இங்கே சொல்வது இஸ்தான்புல் துருக்கியரை மட்டும் அல்ல. கஸாக், உஸ்பெக், கிர்கிஸ், உய்குர், துருக்மேன், சைபீரியாவின் யாகுத் வரை நீளும் மொழிக் குடும்பம் அது. இவர்களுடைய பழைய குலப்பெயர்களில் பாதிக்கு முன்னால் ஒரு எண் நிற்கும், அல்லது ஒரு நிறம் நிற்கும். ஒன்பது ஒகுஸ், மூன்று கர்லுக், முப்பது தாத்தார், மஞ்சள் உய்குர், கறுப்பு துர்கேஷ். வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பெயரில் எண் வந்தால் அங்கே சிலர் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்கள். நிறம் வந்தால் ஒன்றாக இருந்தவர்கள் பிரிந்திருக்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு, வரும்போது சொல்கிறேன்.

பிஷ்கேக்கிலிருந்து கிழக்கே தோக்மோக் என்ற ஊருக்கு மர்ஷ்ருத்கா போகும். நம்மூர் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் முறை; வேனில் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். தோக்மோக்குக்குப் பக்கத்தில் அக்-பெஷிம் என்ற இடம். வயல், மேய்ச்சல், நடுவே மண்மேடு. தெற்கே பனி மூடிய மலை வரிசை. கூட வந்த தோழி "இதைப் பார்க்கவா வந்தோம்?" என்றாள். நியாயமான கேள்விதான், கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மண்மேடுதான் சுயாப் நகரம், மேற்குத் துருக்கியப் பேரரசின் தலைமை இடங்களில் ஒன்று. 630இல் யுவான் சுவாங் இங்கே வந்தார். பச்சைப் பட்டு அங்கி போட்ட ககானை, அதாவது பேரரசனை, பார்த்து, விருந்து உண்டு, வழித்துணைக்கு ஆள் வாங்கிக்கொண்டு தெற்கே இறங்கினார். அதே மனிதர்தான் பின்னால் காஞ்சிபுரத்துக்கும் வந்தவர். தோழியிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவள் ஒரு புகைப்படமாவது எடுத்தாள்.

அவர் போய்ச் சில ஆண்டுகளில், 630களின் நடுவில், இங்கே ஒரு ஏற்பாடு நடந்தது. சீன டாங் வம்சச் சரித்திரம் அதை எழுதி வைத்திருக்கிறது. ககான் தன் மக்களைப் பத்துப் பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவின் தலைவனுக்கும் ஒரு அம்பு கொடுத்தான். சுயாபுக்குக் கிழக்கே ஐந்து, மேற்கே ஐந்து. கிழக்கே இருந்தவர்கள் துலு, மேற்கே இருந்தவர்கள் நுஷிபி. அன்று முதல் அந்த மக்களுக்குப் பெயர் ஓன் ஒக், பத்து அம்பு. தலைவன் கையில் இருந்த அம்பு கொஞ்ச காலத்தில் அந்தப் பிரிவுக்கே பெயராகிவிட்டது. அந்தப் பெயரில் இருந்தது பத்துத் தலைவர்கள் ஒரு ககானுக்குக் கட்டுப்பட்டார்கள் என்ற ஒப்பந்தம். கிழக்கு ஐவரும் மேற்கு ஐவரும் சீக்கிரமே அடித்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு ககானை வைத்துக்கொண்டார்கள். பெயரில் பத்து பத்தாகவே இருந்தது.

ஓன் என்றால் பத்து. ஓஷ் பஜாரில் முதல் வாரங்களில் நம் காதுக்கு இது பெரிய தொல்லை. கொத்தமல்லிக்கட்டு ஓன் சோம் என்பாள் கிழவி, நாம் ஒரு நாணயத்தை நீட்டுவோம், அவள் சிரிப்பாள்.

இந்த ஓன் போய் உட்கார்ந்திருக்கிற ஒரு இடம் எனக்கு இன்றும் வியப்பு. 5ஆம் நூற்றாண்டில் கருங்கடலுக்கு வடக்கே ஓனோகுர் என்று ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. ஓன் ஓகுர், பத்து ஓகுர் குலங்கள். பிற்பாடு அதே புல்வெளி வழியாக மேற்கே போன மகியார்கள்மேல் அக்கம்பக்கத்தார் இந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். ரஷ்யர் வெங்ரியா என்கிறார்கள், லத்தீனில் உங்கரி. ஹூணர் நினைவும் கலந்து முன்னால் ஒரு ஹ ஏறி ஹங்கேரி ஆயிற்று. மகியார்கள் தங்களை மகியார் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் பேசுவது துருக்கிய மொழியும் அல்ல. ஆனாலும் ஐரோப்பாவின் நடுவில் ஒரு நாடு, யாரோ பத்துக் குலத்தார் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பெயரில் சுமந்துகொண்டு இருக்கிறது.

ஒன்பது ஒகுஸ் கதையில் கசப்பு அதிகம். மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றங்கரையில் இரண்டு பெரிய கல்வெட்டுகள் நிற்கின்றன. 732இல் குல் தெகின் நினைவாக ஒன்று, 735இல் அவன் அண்ணன் பில்கெ ககான் நினைவாக ஒன்று. 1893இல் வில்ஹெல்ம் தாம்சன் என்ற டேனிஷ் அறிஞர் எழுத்தை உடைத்து வாசிக்கும்வரை அவை ஊமையாகத்தான் நின்றன. அதில் பில்கெ ககான் சொல்கிறான்: ஒன்பது ஒகுஸ் மக்கள் என் சொந்த மக்களாக இருந்தார்கள், வானமும் மண்ணும் கலங்கியதால் எனக்குப் பகையானார்கள். ஒரே ஆண்டில் ஐந்து முறை அவர்களோடு போர் செய்தோம் என்று தம்பியின் கல்லில் வருகிறது. ஊர் ஊராகப் போர்க்களத்தின் பெயர், தம்பி எந்தக் குதிரையில் ஏறிப் போனான், அந்தக் குதிரையின் நிறம் என்ன என்பது உட்பட. சொந்த மக்கள் என்றவர்களைக் குத்தியதையும் அதே மூச்சில் பெருமையாக வெட்டி வைத்திருக்கிறான். சில பத்தாண்டுகளுக்குள் அந்த ஒன்பதில் ஒருவரான உய்குர்கள் எழுந்து துருக்கியப் பேரரசையே முடித்துவிட்டார்கள். உய்குருக்கும் கல்வெட்டில் ஓன் உய்குர் என்று ஒரு எண் உண்டு. ஒன்பதுக்குள் இருக்கும் ஒன்றுக்குள் பத்து!

ஒன்பது அவர்களுக்குச் சும்மா ஒரு எண் அல்ல. பரிசு கொடுத்தால் ஒன்பது ஒன்பதாகக் கொடுக்க வேண்டும்: ஒன்பது குதிரை, ஒன்பது பட்டு, ஒன்பது வாள். தைமூரிடம் சரணடைய வந்த ஷிர்வான் மன்னன் இப்ராஹிம் பற்றி ஒரு கதை உண்டு. தைமூரின் வரலாற்றை எழுதிய இப்னு அரப்ஷா சொல்வது. கொண்டுவந்த பொருள் எல்லாம் ஒன்பது ஒன்பதாக இருக்க, அடிமைகள் மட்டும் எட்டுப் பேர். எங்கே ஒன்பதாவது என்று கேட்டார்கள். "நானே அந்த ஒன்பதாவது" என்றான் இப்ராஹிம். தைமூருக்குப் பிடித்துவிட்டது, நாடு அவனுக்கே மிஞ்சியது. தலையை அடகு வைத்துச் செய்த கணக்கு. இன்றைக்குக் கிர்கிஸ் பள்ளிப் பிள்ளைகள் போட்டி வைத்து ஆடும் தொகுஸ் கோர்கோலிலும் ஆளுக்கு ஒன்பது குழி, குழிக்கு ஒன்பது காய். பல்லாங்குழி ஆடின கை என்பதால் நான் அபாவின் பேரனை முதல் சில ஆட்டங்களில் மிரட்டினேன். பிறகு அவன் மிரட்டினான்.

நம்மோடு நேராக வந்து முட்டும் கணக்கு ஒன்று இருக்கிறது. 1070களில் மஹ்மூத் அல்-கஷ்கரி பாக்தாதில் உட்கார்ந்து துருக்கிய மொழிகளுக்கு ஒரு பேரகராதி எழுதினார். இஸ்ஸிக்குல் ஏரிக்கரையில் வேர் உள்ள குடும்பம் அவருடையது. ஒகுஸ் குலங்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, அவரவர் கால்நடைக்குப் போடும் சூட்டுக்குறியையும் பக்கத்தில் வரைந்து காட்டுகிறார். எண்ணினால் 22. ஆனால் ஒகுஸ் என்றால் 24 என்பதுதான் மரபு. ஒகுஸ் கானுக்கு ஆறு மகன்கள்: சூரியன், சந்திரன், விண்மீன், வானம், மலை, கடல். ஆளுக்கு நான்கு பிள்ளைகள், ஆக 24. பின்னாளில் பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல்-தீன் 24 பெயரையும் முழுசாகக் கொடுக்கிறார். கஷ்கரியிடம் இரண்டு ஏன் குறைகிறது? கலஜ் என்ற இரு பிரிவினர் விலகிப் போய்விட்டார்கள், அவர்களை ஒகுஸில் சேர்ப்பதில்லை என்கிறார் அவரே. அந்தக் கலஜ் பெயர்தான் ஆப்கானிஸ்தான் வழியாக டெல்லிக்கு வந்து கில்ஜி ஆனது. அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் கபூர் 1311இல் மதுரை வாசலில் நின்றார். ஒரு பட்டியலில் இரண்டு பெயர் விடுபட்டதைப் படிக்கும்போது மீனாட்சி அம்மன் கோவில் ஞாபகம் வருவது எனக்கு மட்டும்தானா தெரியவில்லை.

உஸ்பெக் குலங்களில் யூஸ், மிங் என்று உண்டு, நூறு, ஆயிரம். இவை ஒப்பந்த எண்கள் அல்ல, பத்து, நூறு, ஆயிரம் என்று படையைப் பிரித்த காலத்து மிச்சம். கோக்கந்த் என்ற மத்திய ஆசிய அரசை ஆண்ட வம்சம் இந்த மிங், அதாவது ஆயிரத்தார். அவர்கள் 1825 வாக்கில் சூய் பள்ளத்தாக்கில் கட்டின மண்கோட்டைதான் பிஷ்பெக். இன்றைய பிஷ்கேக் அதிலிருந்து வந்தது.

நிறங்களுக்கு வருகிறேன். நிறங்களை நான் கற்றுக்கொண்டது தேநீர்க் கடையில். கர சாய் என்றால் கறுப்புத் தேநீர், கோக் சாய் என்றால் பச்சைத் தேநீர். ஆனால் கோக் என்பது வானத்தின் நீலமும்கூட. ஓர்கோன் கல்வெட்டின் ஆரம்ப வரியில் மேலே கோக் வானம், கீழே பழுப்பு மண், இரண்டுக்கும் நடுவே மனிதப் பிள்ளைகள் படைக்கப்பட்டார்கள் என்று வரும். அதே கல்லில் கோக் துருக்கியர் என்றும் வருகிறது. நீலத் துருக்கியர், அல்லது வானத்துத் துருக்கியர். தண்ணீரிலும் நிறம் பார்ப்பார்கள். பனிமலை உருகி, பாறைத்தூள் கலந்து, பால் மாதிரி வரும் ஆறு அக்-சூ, வெள்ளைத் தண்ணீர். நிலத்தடியிலிருந்து ஊறி வரும் ஓடை கர-சூ, கறுப்புத் தண்ணீர். இதில் கண்ணாடியாகத் தெளிந்திருப்பது கறுப்புத் தண்ணீர்தான். இந்த ஊரில் கறுப்பு என்றதும் அழுக்கு, கெட்டது என்று நினைத்துக்கொண்டால் வழி தப்பிவிடும்.

குலப்பெயரில் நிறம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அபாவின் வீடே போதும். அவர் கணவர் சாரிபகிஷ் குலம். பகிஷ் என்றால் காட்டுமான் இனத்தில் பெரியது, எல்க். சாரி மஞ்சள். ஆக மஞ்சள் எல்க். கரபகிஷ் என்று இன்னொரு குலம் உண்டு, கறுப்பு எல்க். சோங் பகிஷ் உண்டு, பெரிய எல்க். விலங்கு ஒன்றுதான், அதைப் பங்கு போட்டவர்கள் ஆளுக்கொரு அடைமொழி எடுத்துக்கொண்டார்கள். அபா பிறந்தது புகு குலத்தில், புகு என்றால் மான். 1850களில் சாரிபகிஷ் தலைவர் ஒர்மோன் கான் புகு குலத்தாரோடு போருக்குப் போய் அவர்கள் கையில் செத்தார். தாத்தா ஏதாவது அதிகமாகப் பேசினால் அபா சமையலறையிலிருந்தே, "உங்க கானுக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்பார். தாத்தா ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைப்பார். கல்யாணமாகி ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட இருக்கும். பெண்ணுக்குப் பிறந்த குலம் மாறுவதில்லை, பிள்ளைகளுக்கு அப்பாவின் குலம். ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைப் பேரன் ஒப்பிக்க வேண்டும், அந்த ஏழுக்குள் பெண் எடுக்கக் கூடாது.

மறுபடி அந்தச் சுயாப் மண்மேட்டுக்குப் போக வேண்டும், ஏனென்றால் என் கட்சிக்கு நல்ல சாட்சி அங்கேதான் கிடக்கிறது. பத்து அம்புக்குப் பிறகு அந்த இடத்தைப் பிடித்தவர்கள் துர்கேஷ். அவர்களில் முதல் அரச பரம்பரை ஒன்று. பிறகு சுலுக் என்ற கெட்டிக்காரன் இன்னொரு கிளையிலிருந்து எழுந்து ககான் ஆனான், அரபுப் படைகளை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தான். 738இல் அவனைச் சொந்த ஆட்களே கொன்றார்கள். உடனே மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பழைய பரம்பரையைச் சேர்ந்தவர்கள் மஞ்சள் துர்கேஷ், சுலுக்கின் ஆட்கள் கறுப்பு துர்கேஷ். மொழி ஒன்று, மேய்ச்சல் ஒன்று, முகமும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். வாரிசுச் சண்டையில் யார் பக்கம் என்பதற்குத்தான் நிறம். இருவரும் ஒருவரை ஒருவர் தேய்த்துத் தீர்க்க, 766இல் மூன்று கர்லுக் என்ற கூட்டணி வந்து ஊரை எடுத்துக்கொண்டது. பத்து, மஞ்சள், கறுப்பு, மூன்று. எல்லாம் ஒரே மண்மேடு.

பக்கத்திலேயே புரானா கோபுரம் இருக்கிறது, பழைய பலாசகுன் நகரின் மிச்சம். அங்கே ஆண்டவர்களைக் கரகானியர் என்று சொல்வது பின்னாள் ஆய்வாளர்கள் வைத்த வழக்கம்; அவர்களில் பெரியவனுக்கு அர்ஸ்லான் கர ககான் என்று பட்டம். அர்ஸ்லான் சிங்கம், சரி. கர எதற்கு? இங்கே கறுப்புக்குப் பொருள் பெரிய, வலிய, தலைமையான. இதே கர ஓர்கோன் கல்வெட்டில் கர போதுன் என்று வரும்போது சாமானிய ஜனம். கஸாக்குகளிடம் செங்கிஸ் கான் வழிவந்த பிரபுக்கள் வெள்ளை எலும்பு, சாமானியர் கறுப்பு எலும்பு. உச்சியில் இருப்பவனுக்கும் அடியில் இருப்பவனுக்கும் ஒரே நிறம்.

இதை அவிழ்க்க ஒரு திசைக் கணக்கு சொல்வார்கள். ஒமெல்யான் ப்ரித்சாக் போன்ற அறிஞர்கள் இதில் நிறைய எழுதியிருக்கிறார்கள். சீன முறைப்படி வடக்கு கறுப்பு, தெற்கு சிவப்பு, கிழக்கு நீலம், மேற்கு வெள்ளை, நடு மஞ்சள். கறுப்பு என்றால் வடக்கு, வடக்கில் இருப்பவன் மூத்தவன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கி.மு. 200இல் ஷியோங்னு என்ற புல்வெளி நாடோடிகளின் வேந்தன், மோது என்பவன், சீன ஹான் பேரரசரை மலையில் ஏழு நாள் முற்றுகை போட்டபோது, மேற்கே முழுக்க வெள்ளைக் குதிரை, கிழக்கே சாம்பல் நீலம், வடக்கே கறுப்பு, தெற்கே செம்பழுப்பு என்று படையை நிறுத்தினான் என்று சீனச் சரித்திரம் சொல்கிறது. அந்தக் காட்சிக்காகவே இந்தக் கோட்பாட்டை நம்பலாம் போலிருக்கும். ஆனால் எல்லாப் பெயரையும் இந்த நான்கு திசையில் ஆணி அடிக்க முயன்றால் சுவர்தான் உடையும். செங்கிஸ் கானின் மூத்த மகன் ஜோச்சியின் வாரிசுகள் பிரிந்தபோது ஒரு பகுதி வெள்ளை ஓர்தா, ஒரு பகுதி நீல ஓர்தா. ஓர்தா என்றால் கானின் பாளையம். எது கிழக்கு, எது மேற்கு என்பதில் பழைய ஏடுகளே ஒன்றுக்கொன்று எதிராகப் பேசுகின்றன. இரண்டு பேருக்கு இரண்டு நிறம் வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

விதிவிலக்கு சொல்கிறேன் என்றேன். கும்மான்கள், கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் திரிந்த ஒரு துருக்கியக் கூட்டம். ரஷ்யர் அவர்களைப் பொலோவ்ட்ஸி என்றார்கள், ஜெர்மானியர் ஃபால்பென் என்றார்கள், அர்மேனியர் கர்தேஷ் என்றார்கள். எல்லாமே வெளிறிய மஞ்சள். முடியின் நிறம் என்று சிலர், குதிரையின் நிறம் என்று சிலர். இங்கே பிரிந்த பங்காளி யாரும் இல்லை, என் கட்சிக்கு இது உதவாது. மங்கோலியர் துரத்த இவர்களில் ஒரு கூட்டம் 1239இல் ஹங்கேரி மன்னன் நான்காம் பேலாவிடம் அடைக்கலம் போனது. பத்து ஓகுர் குலத்தார் பெயரில் உள்ள நாட்டுக்குள் மஞ்சள் ஆட்கள். இன்றும் அங்கே கிஷ்குன்ஷாக் என்ற பெயரில் அவர்கள் நிலம் இருக்கிறது.

தலைப்பில் உள்ள ஆட்டுக்கு வருகிறேன். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கு அனத்தோலியாவிலும் ஈரானிலும் இரண்டு துருக்மேன் கூட்டணிகள் மோதிக்கொண்டே இருந்தன. கர கொயுன்லு, அக் கொயுன்லு. கறுப்பு ஆட்டுக்காரர், வெள்ளை ஆட்டுக்காரர். இரண்டு பேருமே ஒகுஸ் வழி, இரண்டு பேருமே செம்மறி மேய்த்தவர்கள். 1467இல் வெள்ளை ஆட்டின் உசுன் ஹசன், கறுப்பு ஆட்டின் ஜஹான் ஷாவைத் தீர்த்தான். தோற்ற வீட்டுப் பிள்ளைகள் நாலா பக்கமும் சிதறினார்கள். அக்பரைச் சிறுவயதில் காத்து வளர்த்த பைராம் கான் இந்தக் கறுப்பு ஆட்டுக் கூட்டணியின் பஹார்லு கிளை. ஆளும் குடும்பத்து வாரிசு ஒருவன் தக்காணத்துக்கு வந்து பாமினி அரசில் வேலைக்குச் சேர்ந்தான். சுல்தான் குலி. 1518இல் கோல்கொண்டாவில் தனி அரசு கண்ட குதுப் ஷாஹி வம்சம் அவனுடையது. அவன் வாரிசுகளின் படை 1640களில் சோழமண்டலக் கரைவரை இறங்கியது. புனித ஜார்ஜ் கோட்டைக் கம்பெனியார் 1672 ஏற்பாட்டின்படி ஆண்டுக்கு 1,200 வராகன் வாடகை கட்டியது இந்த அரசுக்குத்தான். சென்னை கொஞ்ச காலம் கறுப்பு ஆட்டுக்காரர் வீட்டுச் சொத்தாக இருந்தது.

இந்த இடத்தில் யாராவது கட்டாயம் கேட்பீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கர, கரு, கறுப்பு. ஆமாம், எனக்கும் கேட்கிறது. ஜப்பானிய மொழியிலும் கறுப்புக்குக் குரோ. இரண்டு அசையுள்ள ஒரு சொல் எங்கே வேண்டுமானாலும் இன்னொன்றோடு இடிக்கும். ஓன் பத்தாகவும் நம் ஒன்று ஒன்றாகவும் இருப்பதையும் சேர்த்து எண்ணிவிட்டுப் பிறகு பேசலாம்.

கடைசியாகக் கிர்கிஸ்களின் சொந்தக் கறுப்பு. ஜார் காலத்து ரஷ்யர்களுக்குக் கஸாக்குகளைக் கஸாக் என்று எழுதுவதில் சங்கடம் இருந்தது, அவர்களுடைய கொசாக் குதிரைப்படையும் அதே உச்சரிப்பு. ஆகவே கஸாக்குகளைக் கிர்கிஸ் என்று எழுதினார்கள். அப்படியானால் உண்மையான கிர்கிஸ்களை என்ன எழுதுவது? கர-கிர்கிஸ். மலையில் இருந்தவர்கள் யாரோடும் பிரியவில்லை, நிறம் கேட்கவும் இல்லை. வேறு யாரோ தங்கள் கோப்புக் குழப்பத்துக்காகப் பூசினார்கள். 1924இல் சோவியத் அரசு தன்னாட்சிப் பகுதி அமைத்தபோதும் பெயர் கர-கிர்கிஸ் என்றே இருந்தது. 1925இல் கஸாக்குகளுக்குக் கஸாக் என்ற பெயர் திரும்பியது, இவர்கள் பெயரிலிருந்து கறுப்பு கழன்றது. அபாவின் தகப்பனார் அந்த மாற்றத்துக்கு முன்னால் பிறந்தவர். கறுப்பு கிர்கிஸாகப் பிறந்து வெறும் கிர்கிஸாகச் செத்தார் என்பார் அபா, தாத்தாவைச் சீண்டும் அதே குரலில்.

அதே 1925இல் ஆரல் கடல் பக்கத்தில் கரகல்பாக்குகளுக்கும் ஒரு தன்னாட்சிப் பகுதி கொடுத்தார்கள். இன்று அது உஸ்பெகிஸ்தானுக்குள் இருக்கிறது, தலைநகர் நுகுஸ். அவர்கள் கறுப்பை யாரும் தொடவில்லை. கல்பாக் என்றால் தொப்பி. கரவை எடுத்தால் ஒரு மக்களுக்கு வெறும் தொப்பி என்றல்லவா பெயர் மிஞ்சும்.